முகம் மட்டும் பாக்கி

ஓவியர் இறந்து நாற்பத்தோரு வருஷம் கழித்து, அவருடைய படங்கள் எல்லாவற்றையும் ஒரே கூடத்தில் மாட்டிக் கண்காட்சி திறந்த ஐந்தாம் நாள், பதினேழாம் எண் படத்தின் தட்டில் இருந்த மூன்று எலுமிச்சம்பழங்கள் நான்காயின. அன்று செவ்வாய்க்கிழமை, வெளியே தூறல், உள்ளே சுமாரான கூட்டம். யாரும் கூச்சல் போடவில்லை. தட்டில் எத்தனை பழம் என்று எண்ணி மனப்பாடம் செய்துகொண்டு யாரும் அருங்காட்சியகத்துக்கு வருவதில்லை. புதிய பழம் மற்ற மூன்றையும்விட நன்றாகவே வந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் பச்சை விட்டு, தட்டின் விளிம்பில் சாய்ந்து, உருளலாமா இருக்கலாமா என்ற நிலையில் இருந்தது. விஷயம் வெளியே தெரிந்ததே ஒரு பள்ளி ஆசிரியையின் சட்டைக் கையில் மஞ்சள் ஒட்டிக்கொண்டதால்தான். அவர் கூடத்துக் காவலாளியிடம் போய், "பெயின்ட் ஈரம்னு ஒரு போர்டு வெச்சா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டார். "எழுபது வருஷத்துப் படம்மா அது, ஈரம் எங்கேர்ந்து வரும்?" என்று சொல்லிக்கொண்டே காவலாளி போய்த் தொட்டுப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷ வேலையில் அவர் ஒரு படத்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை. மஞ்சளான விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியைக் கூப்பிடப் போனார்.

பூதக்கண்ணாடி என்பது இங்கே ஒரு பெண்ணின் பட்டப்பெயர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். பெற்ற அம்மாவைத் தவிர எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வெளியூர்களிலிருந்து இரவல் வரும் ஒவ்வொரு படத்தையும் வந்த அன்றும் திரும்பும் அன்றும் அங்குலம் அங்குலமாகப் பார்த்து, எங்கே கீறல், எங்கே வெடிப்பு, எந்த மூலையில் ஈ உட்கார்ந்து அசிங்கம் செய்திருக்கிறது என்று நிலை அறிக்கை எழுதுவது அவள் வேலை. வந்த மாதிரியே திரும்பிப் போகிறது என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் படம் வாசலைத் தாண்டும். ஒரு ஓவியம் அழகா இல்லையா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. எந்த ஓவியத்தில் எந்த மூலையில் பூச்சு உரிந்திருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவள் வந்து பழத்தைப் பார்த்தாள், பஞ்சு நுனியால் தொட்டாள், வந்த அன்று எடுத்த புகைப்படத்தோடு ஒப்பிட்டாள். பிறகு அறிக்கையில், "எலுமிச்சை: நான்கு. நான்காவது ஈரம். வேறு சேதம் இல்லை" என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனாள். பயப்பட வேண்டிய விஷயமாக அது அவளுக்குத் தோன்றவில்லை. அடுத்தது எந்தப் படம் என்பதைத்தான் சாப்பிட்டு முடிக்கும்வரை யோசித்துக்கொண்டிருந்தாள்.

பழியை யார் மேலாவது போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் அருங்காட்சியகத்தின் மேல்தான் போட வேண்டும். கண்காட்சிக்கு ஏற்பாடு நடக்கும்போது ஓவியரின் பழைய வேலை அறையின் புகைப்படம் ஒன்று இயக்குநர் கையில் கிடைத்தது. எதையும் அரைகுறையாகச் செய்யாதவர் அவர். அவருடைய குறையே அதுதான். அந்த அறையை அப்படியே கூடத்துக்குள் எழுப்பிக் காட்டுவது என்று முடிவு செய்தார். வெளிச்சம் படங்களுக்கு ஆகாது என்று முப்பது வருஷமாகப் பலகை அடித்து மூடியிருந்த வடக்கு ஜன்னலைத் திறந்து, வெயிலின் கெடுதலை வடிகட்டும் கண்ணாடி போட்டார்கள். ஓவியரின் சொந்த மரத்தாங்கி, ஸ்டூல், வண்ணம் குழைக்கும் பலகை, படத்துக்கு உட்காருகிறவர்களுக்கான பிரம்பு நாற்காலி எல்லாம் எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தன. பழைய வண்ணக் குழாய்கள் கல்லாகியிருந்தன. "செத்த குழாய வெச்சா பாக்க அசிங்கமா இருக்கும் சார்" என்று தச்சர் புதுக் குழாய்கள் வாங்கி அடுக்கினார். வாசனை இருந்தால்தான் ஜனங்களுக்கு உண்மையாக இருக்கும் என்று இயக்குநரே இரண்டு கிண்ணங்களில் வண்ணம் கரைக்கும் டர்பன்டைனும் ஆளிவிதை எண்ணெயும் ஊற்றி வைக்கச் சொன்னார். வெளிச்சம் கொடுத்து, எண்ணெய் கொடுத்து, தூரிகைகளைக் கழுவி நிமிர்த்தி வைத்து, எழுபத்திரண்டு படங்களையும் கைக்கெட்டும் தூரத்தில் சுற்றிலும் மாட்டியும் வைத்தால், வேலை தெரிந்தவர் எத்தனை நாள்தான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்? கடையை விரித்து வைத்துவிட்டு வியாபாரம் நடக்கிறதே என்று பதறிப் பயனில்லை.

உயிரோடு இருந்தபோதும் ஓவியர் அப்படித்தான். அந்தக் காலத்தில் பெண்கள் பூக்களும் குழந்தைகளும் வரையலாம், பாராட்டு உண்டு. பெண்ணாகப் பிறந்தும் அவர் புகைபோக்கிகளையும் பின்கட்டுச் சுவர்களையும் துணி காயும் கொடிகளையும் தட்டைத் தட்டையான நிறங்களாகப் பிரித்து வரைந்தார். முதல் கண்காட்சிக்கு வந்த ஒரு கனவான், படம் தலைகீழாக மாட்டியிருக்கிறது என்று நினைத்து உதவி மனப்பான்மையோடு திருப்பி மாட்டிவிட்டுப் போனார். அந்த வாரம் வந்த பத்திரிகைக் குறிப்பு அந்த ஒரு படத்தை மட்டும் பாராட்டியது. பிறகு எல்லோரும் அவரைப் போல வரையத் தொடங்கினார்கள், அவர் முன்னோடி ஆனார். ஒன்றை ஆரம்பித்து முடித்து அடுத்ததற்குப் போகும் பழக்கம் அவருக்கு இல்லை. பத்துப் பன்னிரண்டு படங்களைச் சுற்றிலும் நிறுத்தி வைத்துக்கொண்டு, இதில் ஒரு கூரை, அதில் ஒரு பூனைக் காது என்று வளைய வளைய வருவார். எந்தப் படத்தைப் பற்றியும் முடிந்தது என்று அவர் வாயால் சொன்னதில்லை. வாங்க வந்தவர்கள் ஈரம் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்புறம் அவர் அவர்களுக்குக் கடிதம் போடுவார்: "அந்தப் படத்தில் இரண்டு நாள் வேலை மிச்சம் இருக்கிறது, தயவுசெய்து அனுப்பி வைக்கவும்." கொடுத்தால் திரும்பி வருமோ வராதோ என்று ஒருவரும் அனுப்பவில்லை. எழுபத்திரண்டு பேருக்கும் அருங்காட்சியகம் எழுதிய கடிதமும் ஏறக்குறைய அதே கடிதம்தான். கீழே முத்திரை இருந்ததால் அனுப்பிவிட்டார்கள்.

எலுமிச்சைக்குப் பிறகு எட்டாம் எண் படத்தில் பூனையின் வால் நீண்டது. துணிக்கொடியில் எழுபது வருஷமாகக் காய்ந்துகொண்டிருந்த சிவப்புச் சட்டை காய்ந்துவிட்டது என்று எடுக்கப்பட்டது. ஆற்றங்கரைப் படத்தில் தப்பான பக்கம் விழுந்திருந்த ஒரு நிழல் சரியான பக்கத்துக்கு மாறியது. அந்தத் தப்பான நிழலின் உள்ளர்த்தம் பற்றி இரண்டு பேர் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார்கள். வேலை காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள், ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருக்கும்போது நடந்தது. நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. ஒரு படத்தைச் சுற்றி இருபது பேர் வைத்த கண் வாங்காமல் நின்றால் அது சாதுவாக இருக்கும், அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் படத்தில் வேலை நடந்துவிடும். ஸ்டூல் கிரீச்சிடுவதைக் கேட்டதாகக் காவலாளி மட்டும் சொன்னார். மூன்று மணிக்குத் தூரிகைகள் கழுவப்பட்டு, நுனி கூட்டி வைக்கப்பட்டிருக்கும். "ஒழுங்கா வளத்திருக்காங்க" என்றார் அவர். பூதக்கண்ணாடி ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி உரிமையாளர்களுக்கு அனுப்பினாள். ஒரு பல் மருத்துவர் தன் படத்தில் மேகம் சேர்ந்ததற்கு நன்றி எழுதினார். ஒரு வழக்கறிஞர் வழக்குப் போடுவதாக எழுதினார், யார் மேல் என்று எழுதவில்லை. எலுமிச்சைப் படத்தின் சொந்தக்காரி, தட்டில் இன்னும் இரண்டு பழத்துக்கு இடம் இருக்கிறதே, கேட்டுப் பார்க்க முடியுமா என்று விசாரித்தார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. வாசலில் வரிசை தெருமுனையைத் தொட்டது. இயக்குநருக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம்தான், நாற்பதாம் எண் படத்தில் கை வைக்கப்படும்வரை.

நாற்பதாம் எண் படத்தைப் பார்க்காதவர்களும் பார்த்திருப்பார்கள். பிரம்பு நாற்காலியில் நீலச் சட்டை போட்ட ஒரு இளம்பெண், மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கைகள், பின்னால் ஜன்னல். கைகள் அப்படி ஒரு கைகள், நகத்தடியில் பேனா மை ஒட்டியிருப்பதுகூடத் தெரியும். கழுத்துக்கு மேலே கூந்தல் இருக்கிறது, காது இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே வண்ணம் படாத வெறும் கித்தான். 'முகமற்றவள்' என்று ஊர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. புதிய கலை பிறந்த இடம் என்று பாடப் புத்தகங்கள் அந்த வெறும் துணியைச் சுட்டிக் காட்டின. விமர்சகர் ஒருவர், முகத்தை மறுத்ததன் மூலம் ஓவியர் என்னென்ன சொல்லாமல் சொன்னார் என்று அறுநூறு பக்கம் சொல்லியிருந்தார். கண்காட்சியின் சுவரொட்டி அந்தப் படம், நுழைவுச் சீட்டு அந்தப் படம், கடையில் விற்ற துணிப்பையும் காபிக் கோப்பையும் அந்தப் படம். தலைநகரின் பெரிய அருங்காட்சியகம் அதை இரவல் கொடுக்கவே இரண்டு வருஷம் யோசித்தது.

பன்னிரண்டாம் நாள் அந்த வெறுமையில் கரித்துண்டால் போட்ட ஒரு புருவம் இருந்தது. மாலையில் துடைக்கப்பட்டிருந்தது. மறுநாள் கொஞ்சம் தள்ளி இன்னொரு புருவம், மறுபடி துடைப்பு. பிறகு ஒரு வாய். அதுவும் போயிற்று. மற்றப் படங்களில் தயங்காத கை இந்த ஒன்றில் மட்டும், சிலேட்டில் மறந்துபோன எழுத்தைப் போட்டுப் பார்த்து அழிக்கும் குழந்தையைப் போல ஆறு நாள் தடுமாறியது. விமர்சகர் ரயில் ஏறி வந்து, படத்தின் முன்னால் நின்று, "இவங்களுக்கு இவங்க படமே புரியல" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஜன்னலை மூடிவிடுங்கள் என்று இயக்குநரிடம் மன்றாடினார். தலைநகரத்திலிருந்து தொலைபேசி வந்தது: வெள்ளிக்கிழமை காலை லாரி வரும், படத்தை இறக்கிக் கட்டி வைக்கவும்.

திங்கட்கிழமை விடுமுறை. பூதக்கண்ணாடி நாற்பதாம் எண்ணைச் சுவரிலிருந்து இறக்கித் திருப்பினாள். படங்களின் முன்பக்கத்தைப் பார்க்க ஆயிரம் பேர் வருவார்கள். முதுகைப் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான். பின்பக்கத்து மரச்சட்டத்தில் பென்சிலால் ஐந்தைந்தாகக் கட்டிய நாற்பது கோடுகள், அவற்றின் மேல் "தங்கச்சி" என்ற ஒரு சொல். கோடுகளுக்குக் கீழே வட்டங்கள், சட்டத்தின் நான்கு பக்கமும் சுற்றி வரிசை வரிசையாக. படம் வந்த அன்றே இவற்றைப் பார்த்து "பென்சில் குறிகள், பழையவை" என்று எழுதியிருந்தாள். இப்போது கடைசி வரிசைக்குக் கீழே பளபளப்பான புது வட்டங்கள் இருந்தன. எண்ணினாள், பதினேழு. கண்காட்சி திறந்து முந்தின நாளோடு பதினேழு நாள். பூதக்கண்ணாடிக்குக் கலை தெரியாவிட்டாலும் வருகைப் பதிவேடு தெரியும். கோடு என்றால் வந்தாள், வட்டம் என்றால் வரவில்லை. முகமற்றவளுக்கு முகம் மறுக்கப்படவில்லை, அவள் எழுந்து போய்விட்டாள், அவ்வளவுதான்.

தங்கச்சியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. எண்பத்தாறு வயது, தனியாக, இருபத்தைந்து நிமிஷப் பேருந்துத் தூரத்தில் இரண்டாம் மாடியில் இருந்தார். எடை அளவு ஆய்வாளராக முப்பத்து நாலு வருஷம் கடை கடையாக ஏறித் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்தவர். அளவுக்காரம்மா என்று சொன்னால் பழைய கடைக்காரர்கள் இன்றைக்கும் தராசுத் தட்டை ஒரு தடவை துடைப்பார்கள். கதவைத் திறந்தவர், வந்தவளின் கழுத்தில் தொங்கிய அருங்காட்சியக அட்டையைப் பார்த்து, "டிக்கெட் குடுக்க வந்திருந்தா வேண்டாம்" என்றார்.

"டிக்கெட் இல்லம்மா. உங்க கைய ஒரு தடவ பாக்கலாமா?"

அளவுக்காரம்மா அவளை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு கையின் மேல் இன்னொரு கையை வைத்தார். பூதக்கண்ணாடி குனிந்து பார்த்தாள். தோல் சுருங்கியிருந்தது, நரம்பு எழுந்திருந்தது. இடது சுண்டுவிரல் மட்டும் படத்தில் இருந்த அதே கோணத்தில் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கைகள் யாருடையவை என்று யாரும் கேட்டதில்லை, அவராகவும் சொன்னதில்லை. கேட்டதும் அடைத்த மதகு திறந்த மாதிரி வந்தது.

"பத்தொம்போது வயசு எனக்கு. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நாற்பது நாள அவளுக்குக் குடுத்தேன். கால் மரத்துப் போகும், ஆடாதேம்பா. நாற்பதாவது நாள் எழுந்து போய்ப் பாக்கறேன். நாற்காலில ஒவ்வொரு பிரம்பும் இருக்கு, சட்டைல ஒவ்வொரு பித்தானும் இருக்கு, மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல துணி! ஏன்னு கேட்டா, 'நீ யாருன்னு எனக்கு இன்னும் பிடிபடல, நாளைக்கு வா, பாக்கலாம்'ங்கறா. இடுப்புல தூக்கி வளத்தவ, அவளுக்கு நான் யாருன்னு தெரியலயாம். போடின்னு சொல்லிட்டு வந்துட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அப்புறம் படம் பேர் வாங்கிடுச்சு. எந்தக் கடைக்கு எடைக்கல் பாக்கப் போனாலும் காலண்டர்ல நான் தொங்கறேன், மூஞ்சி இல்லாம. வேணும்னேதான் விட்டாள்னு படிச்சவங்க எல்லாரும் எழுதறாங்க. நான் என்னத்த நெனைக்கறது? அவ போனப்பகூட தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். ஒரே ஒரு தடவ கூப்பிட்டிருந்தா போயிருப்பேன்மா. அவ கூப்பிடவே இல்ல."

ஆறுதல் சொல்லும் வித்தை பூதக்கண்ணாடிக்கு வராது. படத்தின் முதுகை எடுத்த புகைப்படத்தைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். அளவுக்காரம்மா படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சில் நுனியால் தொட்டுத் தொட்டு எண்ணினார். கோடுகள் நாற்பது, சரியாக இருந்தது. வட்டங்களை ஒரு தடவை முன்னிருந்து எண்ணினார், வேலைப் பழக்கத்தில் பின்னிருந்து ஒரு தடவை எண்ணினார். இரண்டு தடவையும் இருநூற்றுப் பதினொன்று வந்தது.

"இதெல்லாம் என்ன?"

"நீங்க வராத நாள்மா. வாங்கினவர் படத்த எடுத்துட்டுப் போற வரைக்கும் எழுதி வெச்சிருக்காங்க."

"கீழ தனியா இருக்கே?"

"அது பதினேழு. இந்த மாசத்தது."

அது எப்படி இந்த மாதத்தில் என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றாமலே அழுதார், சத்தம் போட்டு அழுதார், எண்பத்தாறு வயதில் அப்படி அழ முடியும் என்று பூதக்கண்ணாடிக்கு அதுவரை தெரியாது. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "அந்த நீலச் சட்ட இப்ப எனக்குப் பத்தாதே" என்றார்.

புதன்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்கு அவர் கூடத்துக்குள் நுழைந்து, கயிற்றுத் தடுப்பைக் காவலாளி விலக்கிக் கொடுக்க, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்பதாம் எண் மரத்தாங்கியில் இருந்தது, முதுகு அவர் பக்கம். வேலை நடக்கும்போது எட்டிப் பார்ப்பதில்லை என்பது பழைய ஒப்பந்தம்; ஒரு தடவை மீறியதால் வந்த வினை போதும் என்று, யாரும் தன்னிடம் எதுவும் சொல்லக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இயக்குநர் ஓடி வந்தார். "அம்மா, கோவிச்சுக்காதீங்க, அதுல முகம் வந்துட்டா படம் போச்சு" என்றார். "அறுபத்தேழு வருஷமா போயிருக்கறது என் மூஞ்சி சார். உங்க படம் நல்லாத்தான் இருக்கு" என்று பதில் வந்தது. விமர்சகர் மடியில் இருந்த கைகளையே குனிந்து பார்த்தார். அறுநூறு பக்கத்தில் நாற்பது பக்கம் அந்தக் கைகளைப் பற்றி மட்டும் எழுதியவர். கடைசியில் தயங்கித் தயங்கி, அந்த வெறுமைதான் படத்தின் உயிர் என்று சொன்னார். "அது வெறுமை இல்ல தம்பி, நாளைக்கு வான்னு சொல்லி வெச்சிருந்த எடம்" என்றார் அளவுக்காரம்மா. விமர்சகர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, ஒரு மடக்கு நாற்காலி கேட்டு வாங்கி ஓரமாக உட்கார்ந்தார்.

மாலை மூன்று மணிக்குப் படத்தில் ஒரு கண் இருந்தது. துடைக்கப்படவில்லை. இடது கண், மூடியது பாதி திறந்தது பாதியாக, யாருடையது என்று அடையாளம் சொல்ல முடியாத நிலையில். மறுநாள் ஊரில் இருந்த ஒரே பேச்சு, வரப்போவது எந்த முகம் என்பதுதான். உடம்பு பத்தொன்பது வயது, உட்கார்ந்திருப்பவருக்கு எண்பத்தாறு. நினைவில் இருப்பதை வரைவாரா, கண்ணில் படுவதை வரைவாரா? முடி திருத்தும் கடையில் இது பற்றி இரண்டு நண்பர்கள் பேச்சை முறித்துக்கொண்டார்கள். கணக்கு வாத்தியார் ஒருவர், சராசரி எடுத்தால் ஐம்பத்திரண்டரை என்றார். இயக்குநரும் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கூடத்துக்கு வந்து, எதற்கோ வந்தவர்போல எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. நான்கு ஆட்கள், படத்தின் அளவுக்கு இழைத்த மரப்பெட்டி, தலைநகரத்து முத்திரை போட்ட உத்தரவு. உத்தரவுக்கு மேல் உத்தரவு கிடையாது, ஆனால் பூதக்கண்ணாடியின் கையெழுத்து இல்லாமல் பெட்டியை மூடவும் முடியாது. அவள் எல்லோர் முன்னாலும் பஞ்சு நுனியைக் கண்ணின் ஓரத்தில் வைத்து எடுத்தாள், பழுப்பு நிறம் ஒட்டி வந்தது. அறிக்கையில் "ஈரம். பயணத்துக்குத் தகுதியில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பொய் ஒரு எழுத்துகூட இல்லை. லாரி ஓட்டுநர், "எப்பதான் காயும் மேடம்?" என்று கேட்டார். "முதல்ல அவங்க முடிக்கணும். அப்புறம்தான் காயறது" என்றாள். ஓட்டுநர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், நாற்காலியில் இருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணு அச்சு அசல் என்று சொல்லிவிட்டு, மரப்பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அளவுக்காரம்மா பத்து நாள் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் எதிரே இருந்த ஸ்டூலைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார், அப்புறம் நிறுத்தவில்லை. அந்த வருஷம் பரீட்சையில் தோற்றது, அடுத்த வருஷம் முதலாவதாக வந்தது, ஒரு மளிகைக்காரர் தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டி வைத்திருந்தது, கட்டிக்கொண்டவர் நல்லவர் ஆனால் குறட்டை, அவர் போனபிறகு குறட்டைச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராதது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். நடுநடுவே கோபம் வரும். "எல்லாருக்கும் லெட்டர் போடுவ, எனக்கு ஒரு வரி போட்டா கை தேஞ்சா போயிடும்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். ஸ்டூல் கிரீச்சிடும். பார்வையாளர்கள் சுவர்ப் பக்கமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள், குடும்ப விவகாரம் என்பதால் யாரும் தலையிடவில்லை. அவர் பேசப் பேச இரண்டாவது கண் வந்தது, நெற்றி வந்தது, தாடை வந்தது. மற்ற எழுபத்தோரு படங்களிலும் வேலை அப்படியே நின்றிருந்தது.

பத்தாம் நாள் சனிக்கிழமை, இரண்டு மணிக்கே தூரிகைகள் கழுவப்பட்டிருந்தன. காவலாளி தொண்டையைச் செருமினார், சொல்லக்கூடாது என்பதால் அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. அளவுக்காரம்மா புரிந்துகொண்டார். பூதக்கண்ணாடியின் தோளைப் பிடித்து எழுந்து, மரத்துப் போன காலை உதறி, படத்தைச் சுற்றிக்கொண்டு வந்து முன்னால் நின்றார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

முகம் எண்பத்தாறு வயது முகம்தான். சுருக்கம் ஒவ்வொன்றும் இருந்தது, தொய்ந்த இடது இமை இருந்தது, மேலுதட்டில் போன வருஷம் விழுந்து பட்ட தழும்பு இருந்தது. அது பத்தொன்பது வயதுக் கழுத்தின் மேல் ஒட்டுத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது. பார்வையில்தான் விஷயம் இருந்தது. அடுத்த நிமிஷம் எழுந்து போய்விடப் போகிறவளும், ஒரு குரல் கொடுத்தால் போதும், உட்கார்ந்துவிடப் போகிறவளுமாக அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றி அவருக்கே அதுவரை தெரியாத செய்தி அது. அளவுக்காரம்மா ஸ்டூல் பக்கம் திரும்பினார். பிறகு, "பிடிபட்டுடுச்சா உனக்கு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு "அக்கா" என்றார். அறுபத்தேழு வருஷமாக அவர் வாயில் வராத சொல். விமர்சகர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார், தான் எழுதியது தப்பு என்பதைவிட, இது அதைவிட நன்றாக இருக்கிறது என்பது அவருக்கு அதிர்ச்சியாக இருந்தது.

அளவுக்காரம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிட்டே போய், ஆய்வுக்கு வந்தவரைப் போல மேலும் கீழும் பார்த்தார். "எல்லாம் சரி. மூக்கு மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மதியம் மூக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தார். பூதக்கண்ணாடி ஏற்கெனவே இரண்டு தடவை அளந்து வைத்திருந்தாள். முந்தின நாளைவிட மூன்று மில்லிமீட்டர் பெரிதாகியிருந்தது. கை தவறிவிட்டது என்று சொல்வதற்கில்லை, அந்தக் கை தவறுகிற கை இல்லை. அளவுக்காரம்மா ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. மறுபடி அழுகிறார் என்று நினைத்துக் காவலாளி தண்ணீர் கொண்டுவர ஓடினார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். ஒன்னு சொன்னா அதுக்கு மேல ஒன்னு செய்வா" என்று பூதக்கண்ணாடியிடம் சொன்னார். பிறகு பையைத் தரையில் வைத்தார், பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார், கையின் மேல் கையை வைத்துத் தாடையை நிமிர்த்தினார்.

"சரி பண்ணு. நான் எங்கயும் போகல."

கண்காட்சி முடியும் தேதியை வாசல் பலகையிலிருந்து எடுத்துவிட்டார்கள். திங்கள் தவிர மற்ற நாட்களில் அக்காவும் தங்கச்சியும் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை வேலை செய்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் ஜன்னல் வெளிச்சத்தை மறைக்காமல் ஓரமாக நிற்க வேண்டும்.